தேதி போட்டு வைத்த ஒரு வருஷம்

2024 மார்ச் 5, செவ்வாய்

இன்றைக்குப் பூராவும் ஏப்ரலில் இருந்தேன். துணிக்கடைக்குச் சித்திரை வாழ்த்து முடிந்தது. பல் ஆஸ்பத்திரிக்கு, லீவு விட்டாச்சு, பிள்ளைகளின் பல்லைக் காட்டுங்கள் என்று ஒன்று. மனை விற்கிறவருக்கு அட்சய திருதியைக்கு வேண்டுமாம், அதற்காக மே வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

தேதி போட்டு வைப்பது. ராஜாராம் அண்ணன் ஆபீசில் அதுதான் என் வேலை. கடைக்காரர்களின் வலைத்தளங்களுக்கு வேண்டியதை முன்னாடியே எழுதி, இந்த நாள், இந்த நேரம் என்று குறித்து வைத்துவிட்டால் அன்றைக்கு அது தானாக வெளியாகும். அந்த நேரம் நாம் தூங்கலாம், சினிமாவுக்குப் போகலாம், செத்துக்கூடப் போகலாம். பொங்கலுக்குச் செஞ்சி பஜார் சொல்கிற வாழ்த்தெல்லாம் நான் கார்த்திகையிலேயே சொல்லி முடித்ததுதான்.

இதனால் இன்றைக்கு என்ன தேதி என்பது தலையில் நிற்பதே இல்லை. காலையில் அம்மாவிடம் வரும்போது கறி வாங்கி வரட்டுமா என்று கேட்டுத் திட்டு வாங்கினேன். “தவக்காலத்துல கறியா? உனுக்கு இன்னா ஆச்சு டெய்சி?” என்றாள். நான் ஈஸ்டர் முடிந்த நினைப்பில் இருந்தேன்.

மே 22 மட்டும் நன்றாக நிற்கிறது. அன்றைக்கு எனக்குக் கல்யாணம்.

2024 மார்ச் 10, ஞாயிறு

முதலில் மாப்பிள்ளை சாமுவேலைப் பற்றி எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கோபத்தில் எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகும்.

ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனிக்குச் சாமான் செய்கிற இடத்தில் வேலை. அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டார். அக்கா ரஞ்சிதம்தான் தூக்கி வளர்த்தது. நிச்சயத்தன்று வேகவைத்த மல்லாட்டை ஒரு தட்டில் வைத்திருந்தோம். அவர் கடலைத் தோலை உரித்து உரித்துப் பருப்பை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நிஜமாகவே பிடித்திருந்தது.

இன்றைக்கு ரஞ்சிதம் அண்ணி ஜாக்கெட் அளவு வாங்க வந்தார்கள். வந்தவர்கள் என் வலைத்தளத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ‘கல்லும் வெயிலும்’ என்று நான் சொந்தமாக எழுதுகிறேனே, அது. அதில் போன வருஷம் எங்கள் மாதா கோயில் தேரன்று மைக் செட் யாருடையது என்று நடந்த சண்டையை எழுதியிருந்தேன்.

“ஏம்மா, நாளைக்கு எங்க வூட்டுக் கொழம்புல உப்பு கம்மின்னாலும் அதுல போட்டுடுவ போலக்குதே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மடச்சி. சிரிப்பு அடங்கினதும் அண்ணி சிரிக்காமல் சொன்னார்: “கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் எழுத வேணாம்மா. எங்களுக்கு ஒத்து வராது.”

நான் வாயைத் திறப்பதற்குள் என்னைப் பெற்ற நைனா, “அதுக்கு இன்னாங்க, வுட்டுரும்” என்றார்.

வுட்டுருமாம்! வெத்தலை போடுகிற பழக்கமா இது? மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையை நாளைக்கு மூடுங்கள் என்று யாராவது சொன்னால் நைனா விட்டுவிடுவாரா? பஸ்ஸில் சீட்டுக்காக ஊர் கேட்கிற மாதிரி சண்டை போடுகிற எனக்கு அந்த நேரத்தில் ஏன் வாய் வரவில்லை? காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். டம்ளர் காலியாகக்கூட இல்லை.

2024 மார்ச் 11, திங்கள்

ஆபீசில் ஒரு வரி ஓடவில்லை. மத்தியானம் கோட்டை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். மறுபடி போய்த் திரும்பினேன். டிக்கெட் கொடுக்கிறவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

2024 மார்ச் 14, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

எழுதக் கூடாது என்றுதானே சொன்னார்கள். சரி. மே 22-க்கு அப்புறம் ஒரு எழுத்து எழுத மாட்டேன், மாதா மேல் சத்தியம். அதற்கு முன்னாடியே எல்லாவற்றையும் எழுதித் தேதி போட்டு வைத்துவிடுவேன். அந்தந்தக் காலத்துக்கு ஒன்று அது பாட்டுக்கு வெளியாகும். நான் அது பாட்டுக்குக் குழம்பு வைத்துக்கொண்டிருப்பேன். யாராவது கேட்டால், இது கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது அண்ணி என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஊர் வேலைக்கெல்லாம் உதவுகிற இந்தக் கை எனக்கு உதவாதா?

வழக்கம்போல இரண்டு தளத்திலும் ஏற்ற வேண்டும். பழையது 2019-ல் நானே தட்டுத் தடுமாறி ஆரம்பித்தது. நம்மூர்ப் பெரியவர்கள் இன்னும் அதைத்தான் திறக்கிறார்கள். புதியது ராஜாராம் அண்ணன் அமைத்துக் கொடுத்தது. பழைய பதிவுகளையெல்லாம் அதே தேதியோடு அதிலும் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. ஒன்று மூடிக்கொண்டால் இன்னொன்று இருக்கும்.

இன்றைக்கே மூன்று எழுதினேன். பசியே எடுக்கவில்லை.

2024 மார்ச் 22, வெள்ளி

ஆகஸ்ட் கடைசிக்குச் சீத்தாப்பழம். மலையிலிருந்து கூடை கூடையாக இறக்கி ரோட்டோரம் வைத்து விற்கிறார்கள், விதையைத் துப்ப இடம் தேடி ஊரே அலைகிறது என்று எழுதினேன். புரட்டாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே போட்டு இடம் பிடிக்கிறவர்கள். டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் குடில். பக்கத்துத் தெருப் பையன்கள் கோட்டையையே குடிலாகக் கட்டி, ராஜகிரி உச்சியில் குழந்தை இயேசுவை வைத்துவிட்டார்கள், மூன்று ராஜாக்களுக்கும் மூச்சு வாங்குகிறது.

இதெல்லாம் நடக்குமா? யாருக்குத் தெரியும். எழுதியது எழுதியதுதான்.

ஒரு தொந்தரவு. ‘இன்று’ என்று எழுதுகிற இடத்தில் எல்லாம் கை நிற்கிறது. இன்று மழை என்று நவம்பருக்கு எழுதுகிறேன், ஜன்னலுக்கு வெளியே நாய் நிழல் தேடிப் போகிறது. கடைக்காரர்களுக்கு எழுதும்போது இந்த உறுத்தல் வந்ததே இல்லை. அம்மா கூப்பிட்டால் எந்த மாதத்திலிருந்து பதில் சொல்வது என்று தெரியவில்லை. கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று நிற்கிறேன்.

2024 ஏப்ரல் 1, திங்கள்

ஈஸ்டர் முடிந்தது. சாமுவேல் போன் செய்தார். ஈஸ்டர் வாழ்த்து சொன்னார். வெயில் அதிகம் என்றார். நானும் ஆமாம் என்றேன். அப்புறம், “உங்க எழுத்த நான் படிக்கலாமா?” என்று கேட்டார்.

படிக்கிறதுக்குப் பர்மிஷன் கேட்கிற முதல் ஆள். எல்லாருக்கும் திறந்துதானே இருக்குது, படிங்களேன் என்றேன்.

“முதல்ல எழுதினதுல இருந்து வரிசையா படிக்கணும். அப்பதான் புரியும்.”

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி போட்ட நிபந்தனை பற்றி அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் எதுவும் சொல்லாததால் நானும் கேட்கவில்லை. தெரியாமலா இருக்கும் அவருக்கு?

2024 ஏப்ரல் 16, செவ்வாய்

இன்றைக்கு ஒன்று எழுதிவிட்டேன். எழுத வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. அடுத்த வருஷம் மே மாதப் பக்கம் காலியாக இருந்தது, 2025 மே 22 கண்ணில் பட்டது. முதல் கல்யாண நாள். சரி, அன்றைக்கு என்ன எழுதியிருப்பேன் என்று கையை வைத்தேன். ஒரே மூச்சில் வந்தது:

‘கல்யாணமாகி இன்றோடு ஒரு வருஷம். இந்த ஊரில் மலை கிடையாது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. அவர் வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், நல்லவர். யாராவது கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். கேட்டவர்கள் போன பிறகு அதையே எனக்கு நானே இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். நான் இப்போது எழுதுவதில்லை. எழுதாமல் இருப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. வாயில் வருவதை விழுங்கினால் போதும், கொஞ்ச நாளில் வருவதும் நின்றுவிடுகிறது.’

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இங்கே எழுத மனசு வரவில்லை.

பழைய தளத்தில் ஏற்றித் தேதி போட்டேன். புதியதில் ஏற்றும்போது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கத்துகிறது, “மூடும்மா, மூடு, பேட்டரி போயிடும்” என்று ராஜாராம் அண்ணன் அதைவிடக் கத்துகிறார். அவசர அவசரமாகத் தேதியை அடித்து மூடினேன். யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு வந்திருக்கிறேன். யுபிஎஸ்ஸால் இல்லை என்று எனக்கே தெரியும்.

2024 ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டேன். விரலில் மை. கல்யாணத்துக்குள் போய்விடுமா என்று அம்மா கவலைப்படுகிறாள். அவளுக்கு அந்தக் கவலை.

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

பூசையில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள்.

எத்தனை பேருக்கு வாசித்துக் கேட்டிருக்கிறேன், என் பேர் வரும்போது உடம்பு என்னமோ செய்தது. செஞ்சிப் பங்கைச் சேர்ந்த பிலவேந்திரன், பாக்கியம் இவர்களின் மகள் டெய்சி என்று ஃபாதர் ஆரம்பித்தார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நாலு பக்கமும் பார்த்தாள். கடைசியில் வழக்கமாக வருமே, இவர்களுக்குள் திருமணத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. அந்த இடத்தில் யாரோ இருமினார்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று ஞாயிறு இங்கேயும் அவர்கள் பங்குக் கோயிலிலும் வாசிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் நம் வேலைதான். இரண்டு கோயிலில் ஒரே செய்தி, முன்கூட்டியே தேதி போட்டு.

2024 மே 5, ஞாயிறு

இரண்டாம் ஓலை. கத்திரி ஆரம்பித்துவிட்டது. பாறையெல்லாம் அடுப்பு மாதிரி ராத்திரி வரை சூடு விடுகிறது.

சாமுவேல் இந்த வாரம் போன் செய்யவில்லை. நான் செய்தேன், எடுக்கவில்லை. ஷிப்ட்டாக இருக்கும்.

2024 மே 9, வியாழன்

ஃபாதர் நைனாவுக்குப் போன் செய்தார். சனிக்கிழமை குடும்பத்தோடு வரச் சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் வருகிறார்களாம். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, “நேர்ல பேசிக்கலாம் பிலவேந்திரன், ஒரு தடை வந்திருக்குது” என்றாராம்.

தடையா? என்ன தடை? நைனா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... “ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு” என்றார். என்னத்தைச் சொல்ல? ஒன்றும் இல்லை நைனா என்றேன். அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாமுவேல் இன்னும் போனை எடுக்கவில்லை.

2024 மே 11, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பங்குச் சாமியார் வீட்டு முன்னறை. ஒரு பக்கம் நாங்கள், எதிரில் ரஞ்சிதம் அண்ணி, சாமுவேல். அண்ணி கைப்பையிலிருந்து ஒரு பிரிண்ட்டை எடுத்து ஃபாதர் முன் வைத்தார். மேலே தேதிக்குக் கீழே சிவப்பில் கோடு. 2015 மே 22.

“முதல்ல இருந்து படிக்கணும்னு தம்பி கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருக்குறான் ஃபாதர். அங்க மொத எழுத்தே இதான். கல்யாணமாயி ஒரு வருஷம்னு எழுதிக்கினு கீறா. அப்ப 2014-லயே ஒருத்தன கட்டிக்கினு கீறா. எங்கள ஏமாத்தப் பாத்துக்கீறாங்க.”

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. யுபிஎஸ் கத்தின அன்றைக்கு 2025 என்று அடித்ததில் 25-க்குப் பதில் 15 விழுந்திருக்கிறது. வரப்போகிற தேதி என்றால் பதிவு காத்திருக்கும். போன தேதி என்றால் காத்திருக்காது, அப்போதே வெளியாகி, பழையதோடு பழையதாக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முகப்பில் தெரியவே தெரியாது. ஊருக்கெல்லாம் தேதி போடுகிறவள் எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நைனா, “யாருடி அவன்?” என்றார். அவர் என்னை டி போட்டு நான் கேட்டதில்லை.

ஃபாதர்தான் கையைக் காட்டி அடக்கினார். “டெய்சி, இத எழுதினது நீயாம்மா?”

“நான்தான் ஃபாதர்.”

“2014-ல உனக்குக் கல்யாணம் நடந்துச்சா?”

“2014-ல பிளஸ் டூ படிச்சிக்கினு இருந்தேன். இது நடந்தது இல்ல ஃபாதர். நடக்கப் போறது.”

“நடக்கப் போறத எவளாச்சும் நடந்த மாதிரி எழுதுவாளா?” என்றார் அண்ணி.

“நான் எழுதுவேன் அண்ணி. அதுதான் என் வேலை.”

போனைத் திறந்து காட்டினேன். ஆகஸ்ட் சீத்தாப்பழம், புரட்டாசி அமாவாசை, டிசம்பர் குடில், எல்லாம் தேதியோடு வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தன. பழைய தளத்தில் இதே பதிவு சரியான வருஷத்தோடு இருந்தது, அதையும் காட்டினேன். எதற்காக எழுதி வைத்தேன் என்பதையும் சொன்னேன், இனிமேல் மறைத்து என்ன. ஃபாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். குடிலில் வந்ததும் சிரித்துவிட்டார். “இதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. நான்கூட ஞாயித்துக்கெழம பிரசங்கத்த வியாழக்கெழமையே எழுதிடறேன்” என்றார்.

எல்லாருக்கும் உயிர் வந்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணியும் நல்லபடியாகவே பேசினார், பொய் சொல்லக் கூடாது. “எங்க மேலதான் தப்பு. மன்னிச்சிடும்மா. எதுக்கு இந்தக் கொழப்பமெல்லாம், அத்தனையும் இப்பவே எடுத்துடு. நாம நிம்மதியா கல்யாண வேலயப் பாக்கலாம்.”

“எடுத்துடு, எடுத்துடு” என்றார் நைனா.

அழிக்கிற பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சாமுவேல் அப்போதுதான் பேசினார்.

“அதுல வர்றது நானா?”

பிரிண்ட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

“வேலைக்குப் போறாரு, வர்றாரு, சாப்புடறாரு. ஒரு வருஷமா அவரு ஒரு வார்த்த கூட பேசலியே.”

இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார். படித்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

“என்னையே கேட்டிருக்கலாமே?”

“பயமா இருந்துச்சு.”

“இப்பவாச்சும் பேசுங்க. கல்யாணத்துக்கப்புறம் நான் எழுதலாமா, கூடாதா? அண்ணி சொன்னது இருக்கட்டும், நைனா சொன்னது இருக்கட்டும். நீங்க இன்னா சொல்றீங்க?”

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

கெட்டவர் இல்லை. சத்தியமாகக் கெட்டவர் இல்லை. கேள்வி வந்தால் அந்தப் பக்கம் திரும்புகிற கழுத்து, அவ்வளவுதான். ஒரு வாய் வார்த்தை, ‘எழுதட்டுமே’ என்று ஒன்று சொல்லியிருந்தால் நான் அத்தனையையும் அந்த நிமிஷமே அழித்திருப்பேன். காத்திருந்தேன். அண்ணிதான் கடைசியில், “அவன் இன்னா சொல்லப் போறான், நான் சொல்றதுதான்” என்றார்.

ஃபாதர் பிரிண்ட்டை மடித்து என்னிடம் கொடுத்தார். “அப்ப நாளைக்கு மூணாவது ஓலைய வாசிச்சிடலாமா?”

“வேணாம் ஃபாதர்.”

“தடை ஏதாவது இருக்குதாம்மா?”

“தெரிஞ்சவங்க சொல்லணும்னுதானே ரெண்டு வாரமா வாசிக்கிறீங்க. எனக்குத் தெரிஞ்சிருக்குது.”

அம்மாவின் அழுகை இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. நைனா எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அண்ணி என்னென்னவோ சொன்னார், என் காதில் ஏறவில்லை. ஃபாதர் மட்டும், “சம்மதம் இல்லாம நான் வாசிக்க முடியாதும்மா” என்றார், அண்ணியைப் பார்த்து.

வாசலில் சாமுவேல் பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “மிச்சத்தயும் படிச்சேன். அந்தத் தேர் சண்ட ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. இதை உள்ளே சொல்லியிருக்கக் கூடாதா, சாமி?

2024 மே 12, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். போகாமல் இருந்தால் இன்னும் பேசுவார்கள். அறிக்கைகள் வாசிக்கிற நேரத்தில் இரண்டு ஜோடிகளின் பேர் வந்தது, எங்கள் பேர் வரவில்லை. முன் பெஞ்சிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நான் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வரவில்லை. நைனா காலையிலேயே அனந்தபுரம் சந்தைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

2024 மே 22, புதன்

இன்றைக்கு மே 22 தான். முதல் தடவையாகத் தேதி சரியாகத் தெரிந்தது. வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் சாப்பிட்டோம்.

2024 ஜூன் 18, செவ்வாய்

அம்மா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. “சோறு வெச்சிருக்குதுன்னு சொல்லுங்க” என்று நைனாவிடம் சொல்கிறாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். நைனா, “சோறு வெச்சிருக்குதாம்” என்கிறார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்போம். இதில் நைனாவும் நானும் ஒரு தரம் கண்ணால் பார்த்துக்கொண்டோம். அவருக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு இல்லை.

செய்தது சரியா? ஒரு நாளைக்குச் சரி என்கிறது, ஒரு நாளைக்கு அந்த மல்லாட்டைப் பருப்பு ஞாபகம் வருகிறது. கல்யாணம் நின்ற பிறகு சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை. எழுதத்தானே இத்தனையும்? பின்னே ஏன் எழுத வரவில்லை? கடைகளுக்கு மட்டும் ஆடித் தள்ளுபடி, ஆவணித் தள்ளுபடி என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 30, வெள்ளி

சீத்தாப்பழம் தானாக வெளியாகிவிட்டது. நான் மறந்தே போனேன். ‘கூடை கூடையாக இறக்குகிறார்கள்’ என்று இருக்கிறது. இந்த வருஷம் காய்ப்பே கம்மி, ரோட்டோரம் கூடைகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். கீழே ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார்: ‘செஞ்சியில எந்த ரோடுங்க? நான் தேடிப் பாத்தேன், இல்லியே.’

வெட்கமாகப் போய்விட்டது. ஆபீசிலேயே உட்கார்ந்து இரண்டு தளத்திலும் வரிசையில் நிற்பதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். மழை போயிற்று, அமாவாசை போயிற்று, குடிலும் போயிற்று. அந்த 2015-ஐ மே மாதமே எடுத்தாயிற்று. எல்லாம் சுத்தம்.

2024 டிசம்பர் 25, புதன்

பையன்கள் குடிலுக்கு மாட்டுத் தொழுவம்தான் கட்டினார்கள், வைக்கோல் போட்டு, சீரியல் பல்பு போட்டு. கோட்டையெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா என் தட்டில் கறி வைத்தாள். நேராகவே, “இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?” என்று கேட்டாள். சோறு, குழம்பு, துணி, கரண்ட் பில் என்று இப்போது பேச்சு நடக்கிறது. கல்யாணம் என்கிற வார்த்தையும் எழுத்து என்கிற வார்த்தையும் மட்டும் எங்கள் வீட்டில் இல்லை.

2025 பிப்ரவரி 27, வியாழன்

சாமுவேலுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாம். நைனாதான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். நல்லா இருக்கட்டும். மனசார எழுதுகிறேன். மனசாரத்தான் எழுதுகிறேனா? ஆமாம்.

2025 மே 22, வியாழன்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், ராஜாராம் அண்ணன் போன். “இன்னாம்மா டெய்சி, கல்யாணமாயி ஒரு வருஷமாமே? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” என்று சிரிக்கிறார்.

பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டேன். பழைய தளம்! வரிசையில் கடைசியில், அடுத்த பக்கத்தில் அது ஒன்று நின்றிருக்கிறது. மற்றதையெல்லாம் அழித்த அன்றைக்கு நான் அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை. சரியான வருஷம் போட்டது, ஒரு வருஷம் பொறுமையாகக் காத்திருந்து, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வெளியாகிவிட்டது. நம்மூர்ப் பெரியவர்கள் படிக்கிற தளம் வேறு. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன், அழித்துவிடலாம், அம்மா கண்ணில் படுவதற்குள் அழித்துவிடலாம் என்று.

அடுப்படியில் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கோயில் குரூப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள். கண்ணாடி மூக்கு நுனியில். உதடு அசைய, வரி வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாமியார் வீட்டில் அவள் அழுததில் இதைப் படிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லில் தோசை கருகுகிறது. நான் போய் அடுப்பை அணைத்தேன், அவள் கவனிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வந்தது, உப்பு வந்தது, வாயில் வருவதை விழுங்கினால் போதும் என்பது வந்தது. அந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு கடைசி வரைக்கும் போனது.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“யாரு பெத்த பொண்ணோ, பாவம்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை, கருகின தோசையைச் சுரண்டினாள்.

“எடுத்துடட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? கெடக்கட்டும்.” புதுசாக மாவை ஊற்றினாள். “நீ இன்னிக்கி எதுனா எழுதினியா?”

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அதைக் கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டினேன்.

“போயி எழுது. தோச வேணும்னா கூப்புடு, ஊத்தறேன்.”

எழுதினேன். நேற்றுச் சாயங்காலம் கூட்டு ரோட்டில் நுங்கு விற்கிற அம்மாவும் ஒரு கார்க்காரரும் போட்ட சண்டையை, அவர் நுங்கைத் தோலோடு கடித்ததை, அந்த அம்மா திட்டிக்கொண்டே உரித்துக் கொடுத்ததை. வேகமாக வந்தது. நடுவில் அம்மா வந்து தட்டை வைத்துவிட்டு, பின்னால் நின்று கொஞ்சம் படித்துவிட்டு, சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு தளத்திலும் ஏற்றினேன். தேதி போடுகிற கட்டத்தைத் தொடவில்லை.